மாலைக்கண்

அந்த நோட்டீசுல போட்டிருக்கறது பொய் தம்பி. மொதல்ல அதச் சொல்லிடறேன், அப்புறம் நீங்க பசியாறலாம். பூங்காவனம் உள்ள தோசை சுடறா. அவ என் மக. உங்ககிட்ட நல்லாப் பேசுவா, எங்கிட்டதான் பேசமாட்டா. இன்னியோட பத்தொம்போது நாளாச்சு. தட்டுல சோறு வைக்கிறா, குளிக்க வெந்நி போட்டு வைக்கிறா, என் சேலையத் தொவச்சுக் காயப்போடறா. ஆனா வாயத் தொறந்து அம்மான்னு ஒரு வார்த்தை கெடையாது. உங்களுக்குப் போன் போட்டு வரச் சொன்னதும் அவதானாம். நீங்க வாசல்ல வந்து நின்னப்பதான் எனக்கே தெரியும்.

பேச்சுப் பதியற பொட்டி ஓடுதா? அந்தச் சின்ன லைட்டு எரியுதே, அதானா? சரி, ஓடட்டும். நடுவுல நான் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீங்க. சொல்லுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

நோட்டீச பூங்காவனம்தான் படிச்சுக் காட்டுனா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டறோம், அதுல ஒரு கல்லு வைக்கறோம், வெள்ளக்காரத் தொரை எதுக்க வந்தும் சைக்கிள விட்டு எறங்காத ஆறு பேரோட பேரு அந்தக் கல்லுல, அப்படின்னு போட்டிருக்கீங்க. ஆறு பேரும் எறங்குனாங்க தம்பி. எறங்கி, தலத்துண்ட எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, சைக்கிளப் புடிச்சுக்கிட்டு ஓரத்துப் புல்லுல நின்னாங்க. நான் பாத்தேன், நானும் அங்கதான் நின்னேன். எறங்காதவரு ஒருத்தருதான். அவரு பேரு உங்க நோட்டீசுல இல்ல. இல்லாததுக்குக் காரணம் நான்தான்.

உங்களுக்கு வயசு முப்பது இருக்குமா? அப்ப இதெல்லாம் விளக்கிச் சொன்னாத்தான் புரியும். மலாயாவுல இந்தக் கிள்ளான் பக்கம் அப்ப எல்லா ரப்பர் தோட்டத்துலயும் அப்படி ஒரு சட்டம். எங்கயும் எழுதி வைக்கல. கூலிக்காரன் சைக்கிள்ல போறான், எதுக்க தொரை கார்ல வர்றாருன்னு வைங்க, இவன் எறங்கிடணும். ஓரமா நிக்கணும், துண்ட எடுக்கணும், கார் தாண்டிப் போறவரைக்கும் அசையக்கூடாது. தொரை நடந்து வந்தாலும் அப்படித்தான். தொரை வூட்டு நாய சமையக்காரன் சங்கிலியப் புடிச்சு ஓட்டிக்கிட்டு வந்தப்ப எறங்கி நின்ன ஆளுகூட உண்டு. சிரிக்காதீங்க, அது எங்கப்பன். ஏன்யா நாய்க்கு எறங்குனன்னு கேட்டா, பின்னாடி தொரை வர்றாரோ என்னமோன்னாரு. நான் அந்த அப்பனுக்குப் பொறந்தவ.

என் வீட்டுக்காரரு பேரு அங்கப்பன். புருசன் பேரச் சொல்லக்கூடாதுன்னு அந்தக் காலத்துல சொல்லித்தான் வளத்தாங்க. சொல்லாம இருந்து என்னத்தக் கிழிச்சோம். அங்கப்பன். பால்மரம் வெட்டுறதுல அவரு கை சுத்தம், பட்டையில காயம் படாது. சைக்கிள் வாங்கணும்னு நான்தான் தொணதொணன்னு அரிச்சேன். ரெண்டு வருசம் அரிச்சேன். வாங்குனப்புறம் அவரு எறங்கி எறங்கி நிக்கறதப் பாத்து, இதுக்கு நடந்தே போயிருக்கலாம்னு நான்தான் கேலி பண்ணேன். நான் அப்ப வாய்க்காரி. இப்பவும்தான்.

நாங்க குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில ஜெகநாதன்னு ஒரு பையன் இருந்தான், இவருக்குக் கூட்டாளி. படிச்சவன், பேப்பரு வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவான். ஜப்பான்காரன் வந்த வருசம், அவன் வர்றதுக்கு எட்டொம்போது மாசம் முன்னாடி. மத்த தோட்டத்துல ஆளுங்க எழுந்து நிக்கறாங்க, நாம மட்டும் ஏன்டா சைக்கிள விட்டு எறங்கணும்னு ஆரம்பிச்சவன் அவன்தான். சம்பளத்தக் கேக்கறதுக்கு முன்னாடி இதச் செய்வோம், இதுக்கு யாருகிட்டயும் போயி மனு எழுத வேணாம், எறங்காம இருந்தாப் போதும்னான். தோட்டத்துல சைக்கிள் வச்சிருந்தது ஏழு பேரு. ஞாயித்துக்கெழம பட்டணம் போயிட்டு ஒண்ணா வர்றது, சாயங்காலம் தொரை கிளப்புக்குப் போற நேரத்துல மேட்டுச் சடக்கு ரோட்டுல எதுக்கால வர்றது, ஏழு பேரும் எறங்காமப் போயிடறது. அதான் ஏற்பாடு. பொம்பளைங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னு பேச்சு. இவரு எங்கிட்ட சொல்லிட்டாரு.

நானும் வர்றேன்னேன். கேரியர்ல உக்காந்து வர்றேன்னேன். ஆறு மாசம் முழுகாம இருக்கேன் அப்ப. அதுக்கு முன்னாடி ஒரு ஆம்பளப் புள்ள பொறந்து எட்டாம் நாளு போயிடுச்சு. இவரு வேணாம் பச்சன்னாரு. என் பேரு பச்சையம்மா, அவரு பச்சன்னுதான் கூப்புடுவாரு. வேணாம் பச்ச, நீ எறங்காம உக்காந்திருப்பியான்னு கேட்டாரு. கழுத்த அறுத்தாலும் எறங்கமாட்டேன்னேன் தம்பி. இந்த வாயாலதான் சொன்னேன்.

மழை விட்டு மூட்டமா இருந்துச்சு அன்னைக்கு. மணி ஆறரை இருக்கும், லேசா இருட்டிக்கிட்டு வருது. நாங்கதான் முன்னால. எங்களுக்குப் பின்னால ஜெகநாதன், அவனுக்குப் பின்னால மத்தவங்க. சேலை சக்கரத்துல மாட்டாம இழுத்துச் செருகிக்கிட்டு நான் பெரிய மகாராணி மாதிரி உக்காந்திருக்கேன். மேடுங்கறதால வண்டி மெதுவாத்தான் ஏறுது. அப்ப காருச் சத்தம் கேட்டுச்சு.

எப்படி எறங்குனேன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. அய்யோ, இந்தச் சத்தியங்கற வார்த்தை என் வாயில வரவே கூடாது, வந்துடுது பாருங்க. கார் மேட்டு மேல தெரியுது, என் காலு ரெண்டும் தரையில நிக்குது. முந்தானைய இழுத்துத் தலையில போட்டுக்கிட்டு, குனிஞ்சு, கையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். வயித்துப் புள்ளைக்காக எறங்குனேன்னு ரொம்ப வருசம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வண்டி சாஞ்சா புள்ளைக்கு ஆகாதேன்னுதான் குதிச்சேன்னு. அது இல்ல. அந்த நேரத்துல எனக்குப் புள்ள ஞாபகமே கெடையாது. தொரை ஞாபகம்தான் இருந்துச்சு.

நான் எறங்குனதப் பாத்து ஜெகநாதன் எறங்கிட்டான். ஏற்பாடு மாறிப்போச்சுன்னு நெனச்சானோ, இல்ல அவனுக்கும் என்னை மாதிரிதான் காலு எறங்கிடுச்சோ. அவன் எறங்கவும் மத்த அஞ்சு பேரும் எறங்கிட்டாங்க. வரிசையா புல்லுல நிக்கறாங்க. இவரு மட்டும் மிதிச்சுக்கிட்டே போறாரு. காரும் இவரும் எதுக்கெதுர வந்து தாண்டுனாங்க. துண்டு தலையிலயே இருந்துச்சு. திரும்பிப் பாக்கல. நேராப் போயி வளைவுல மறைஞ்சுட்டாரு.

கார் நின்னுச்சு. தொரை எறங்கி வந்தாரு. தோட்டத்துத் தமிழு பேசுவாரு, கொச்சையா. யாரு அந்த ஆளு, ஏன் எறங்குது இல்லேன்னு கேட்டாரு. ஜெகநாதன் வாயத் தொறக்கல. யாரும் தொறக்கல. எனக்கு ஒண்ணுதான் ஓடுது. பத்துச்சீட்டக் கிழிச்சு வேலைய விட்டு நிறுத்திருவாங்க, லயத்த விட்டுத் தொரத்திருவாங்க, அவரப் புடிச்சு இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்திருவாங்க. அந்த மாதிரி ஏத்துனதக் கேள்விப்பட்டிருக்கேன். கால்ல விழுந்தேன் தம்பி. சேறு, அந்தச் சேத்துல விழுந்து பூட்ஸப் புடிச்சுக்கிட்டேன். தொரை, அது என் வீட்டுக்காரருங்க, அவருக்கு மாலைக்கண்ணுங்க, பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியாதுங்க, தெரிஞ்சிருந்தா எறங்கியிருப்பாருங்கன்னேன்.

லயத்துல அப்ப நாலஞ்சு பேருக்கு மாலைக்கண்ணு உண்டு. சத்தில்லாத சோறு, வரத்தான் வரும். அதான் என் வாயில வந்துச்சு. நிஜமான்னு கேட்டாரு தொரை. கண்ணு தெரியாதவன் பின்னால நீ எப்படி உக்காந்து வந்தேன்னு கேட்டாரு. புத்தியுள்ள கேள்விதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நான்தான் பின்னாலருந்து வழி சொல்லிக்கிட்டு வந்தேங்க, தொரையப் பாத்ததும் மரியாதைக்கு நான் எறங்கிட்டேங்க, சொல்ல ஆளில்லாம அவரு போயிட்டாருங்கன்னேன். எம்புட்டு அழகாப் பொய் வந்துச்சு பாருங்க. அப்புறம் வயித்துல கைய வச்சுக்கிட்டேன். இந்த வயித்துல இருக்கற புள்ள மேல சத்தியமுங்க, அவருக்குக் கண்ணு தெரியாதுங்க.

ஆறு பேரும் கேட்டுக்கிட்டு நின்னாங்க.

நிறுத்திடுங்க தம்பி. இல்ல இல்ல, வேணாம், ஓடட்டும். தண்ணி மட்டும் ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

வீட்டுக்கு வந்தா சைக்கிளச் சுவத்துல சாத்தி வச்சுட்டு உக்காந்திருக்காரு. முகம் அப்படி இருந்து நான் பாத்ததே இல்ல. கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி இல்ல. நீ எறங்குனது தெரிஞ்சுது பச்ச, வண்டி லேசாயிடுச்சு, திரும்பிப் பாத்தா நானும் எறங்கிடுவேன்னுதான் பாக்கலன்னாரு. எம்மேல கோவம் இல்ல. சிரிக்கிறாரு. நாளைக்கு என்ன வேணா பண்ணட்டும், இன்னைக்கு நான் எறங்கலன்னாரு. அப்புறம்தான் என் சேலையில இருந்த சேத்தப் பாத்தாரு. என்ன ஆச்சுன்னாரு. சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். சத்தியம் பண்ணுனியான்னாரு. பண்ணுனேன்னேன். எது மேலன்னாரு. வயித்தக் காட்டுனேன்.

அதுக்கப்புறம் அவரு சிரிச்சு நான் பாக்க ரொம்ப நாளாச்சு.

மறுநாள் காலையில பெரட்டு. பெரட்டுன்னா தெரியுமில்ல? விடியறதுக்கு முன்னாடி எல்லாரும் வரிசையில நின்னு பேரு குடுக்கணும், கிராணி பேரக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவாரு. அன்னைக்குத் தொரையே வந்து நின்னாரு, பக்கத்துல ஆஸ்பத்திரி டிரெசரு. இருட்டுதான், ஒரே ஒரு அரிக்கேன் லைட்டு. அங்கப்பன் முன்னால வான்னாங்க. போனாரு. டிரெசரு லைட்ட ஆளுகிட்டக் குடுத்து நாலடி தள்ளி நிக்கச் சொல்லிட்டு, விரலத் தூக்கிக் காட்டுனாரு. எத்தனைன்னாரு.

நாலு விரலு. பின்னால நின்ன எனக்கே தெரிஞ்சுது. இவரு விரலப் பாக்கறாரு, தொரையப் பாக்கறாரு. அப்புறம் பொம்பளைங்க வரிசையில என்னைத் தேடுனாரு. என் முகத்தப் பாக்கல தம்பி, வயித்தப் பாத்தாரு. எட்டு நாளு புள்ளையக் குழியில வச்ச மனுசன். தெரிஞ்சுதுன்னு சொன்னா என் சத்தியம் பொய்யாயிடும். பொய்ச் சத்தியம் பண்ணுனா அது அந்தப் புள்ளையத்தான் பிடிக்கும். அவருக்கு அதுல முழு நம்பிக்கை. எனக்கும்தான்.

தெரியலீங்கன்னாரு.

தொரை சிரிச்சாரு. கோவக்காரச் சிரிப்பு இல்ல, நல்ல மனசோட சிரிச்சாரு, அதான் கொடுமை. பாவம், நோயாளின்னாரு. வேலைய விட்டு நிறுத்தல. இருட்டுல மரம் வெட்ட வேணாம், பகல்ல புல்லு வெட்டட்டும்னு மாத்திட்டாரு. சைக்கிள் ஓட்டக்கூடாதுன்னாரு. தெனமும் பெரட்டுல வச்சு ஒரு கரண்டி மீன் எண்ணெய் குடுக்கச் சொல்லி டிரெசருக்கு உத்தரவு. மறுநாள்லருந்து அத்தனை சனத்துக்கு முன்னாலயும் இவரு வாயத் தொறந்து நிப்பாரு, டிரெசரு ஊத்துவாரு. நாத்தம் புடிச்ச எண்ணெய். முழுங்கிட்டு, கும்பிடறேங்கன்னு சொல்லணும். சின்னப் புள்ளைங்க பாத்துச் சிரிக்கும். மூணு வாரம் குடிச்சாரு. ஒரு நாளு கூட எங்கிட்ட ஒரு கடுஞ்சொல்லு சொல்லல. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஜெகநாதன் வீட்டுக்கே வந்து கேட்டான். அண்ணே, என்கிட்டச் சொல்லு, நீ பாத்துத்தானே போன? உனக்கு மாலைக்கண்ணா, போன வாரம் ராத்திரி என்கூட உக்காந்து பேப்பரப் படிச்சவன் நீன்னான். நான் அடுப்புகிட்ட நிக்கிறேன். இவரு தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு, இல்லடா, சமீபமாத்தான், மங்கலாத்தான் தெரியுது, கார் வந்ததே எனக்குத் தெரியலன்னாரு. ஜெகநாதன் என்னைப் பாத்தான். எறங்கிட்டமேன்னு நான் அழுதுட்டிருந்தேன், நீயாவது போனியேன்னு சந்தோசமா இருந்தேன் அண்ணேன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் அவன் எங்க வீட்டுப் படி ஏறல.

மூணு வாரத்துல ஸ்ட்ரைக்கு வந்துச்சு. ஸ்ட்ரைக்கப் பத்தி உங்க நோட்டீசுல இருக்கறது நிஜம், எல்லாரும் நின்னாங்க, ஒரு ஆளுகூட மரத்துல கத்தி வைக்கல. அரிசிய நிறுத்துனாங்க, தண்ணிய நிறுத்துனாங்க, பட்டாளம் வந்துச்சு. சைக்கிள விட்டு எறங்கமாட்டோம்னும் கேட்டாங்க. அதக் கேக்கறப்ப ஜெகநாதன் தொரைகிட்டச் சொன்னானாம், ஏற்கெனவே எங்காளு ஒருத்தரு எறங்காமப் போனாருன்னு. அதுக்குத் தொரை, அவன் நோயாளி, மருந்து குடிக்கிறான், என் தோட்டத்துக் கூலி எவனும் வேணும்னு அப்படிச் செய்யமாட்டான்னாராம். அந்தப் பதில நான்தானே தொரைக்குச் சேத்துல விழுந்து எடுத்துக் குடுத்தேன்.

கூட்டமெல்லாம் பொழுது சாஞ்சுதான் போடுவாங்க, பகல்ல போட்டா மாட்டிக்குவாங்க. மாலைக்கண்ணுக்காரரு பொழுது சாஞ்சு எப்படிப் போறது? வாசக்கதவுகிட்ட உக்காந்து, தூரத்துல பேசற சத்தத்தக் கேட்டுக்கிட்டிருப்பாரு. போயிட்டுத்தான் வாங்களேன்னு ஒரு தடவ சொன்னேன். யாராவது பாத்தா உன் சத்தியம் என்னாகறதுன்னாரு.

ஒண்ணு சொல்லணும், அதையும் நீங்க பதிஞ்சுக்கணும். ஜப்பான்காரன் வந்தானில்ல, தொரை ஓடிட்டாரு. சைக்கிள அவனுங்க எடுத்துக்கிட்டுப் போயிட்டானுங்க. அப்புறம் சயாமுக்கு ரயில் போட ஆளு புடிச்சானுங்க. கிராணி லிஸ்டு எழுதறப்ப இவருக்குக் கண்ணு ஆகாதுன்னு விட்டுட்டாரு. ஜெகநாதனப் புடிச்சுட்டுப் போனாங்க, அவன் திரும்பி வரல. அப்ப என் பொய்தானே தம்பி இவரக் காப்பாத்துச்சு? நான் அதச் சொல்லிக் காட்டுவேன். சண்டை வர்றப்பல்லாம் சொல்லிக் காட்டுவேன். என்னாலதான் உசுரோட இருக்கீங்கன்னு. அவரு ஆமா பச்சன்னு மட்டும் சொல்லுவாரு. நீங்க எழுதல? எழுதிக்கங்க. அது மட்டும்தான் எனக்குன்னு இருக்கற ஒரே நல்லது. இன்னைக்குக் காலையில யோசிச்சுப் பாத்தா அதுவும் நான் தெரிஞ்சு செஞ்சதில்ல.

பூங்காவனம் நல்லபடியாப் பொறந்தா. அவளுக்கு நடக்க வந்ததுலருந்து பொழுது சாஞ்சா அப்பன் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது அவ வேலை. கோயில் திருவிழாவா, கல்யாண வீடா, அவ முன்னால, அவரு பின்னால. அப்பா கல்லு இருக்கு, அப்பா பள்ளம், அப்பா படின்னு சொல்லிக்கிட்டே போவா. அவரும் காலத் தடவித் தடவி வைப்பாரு. அந்தச் சத்தியம் புள்ளை மேலதானே, அதனால அதுகிட்டயே சொல்லக்கூடாதுன்னு அவரு கணக்கு. வீட்டுக்குள்ள கதவச் சாத்திட்டா எனக்கு ஊசியில நூல் கோத்துக் குடுப்பாரு. சிமினி வெளக்குல, ஒரே தடவையில. அதப் பாத்து நான் சிரிச்சிருக்கேன்.

அப்புறம் சுதந்திரம் வந்துச்சு. வெள்ளக்காரன் போனப்புறம் எறங்குனவங்க எல்லாம் எறங்கலன்னு பேச ஆரம்பிச்சாங்க. மொதல்ல கள்ளுக்கடையில, அப்புறம் மேடையில, அப்புறம் பேரப்புள்ளைங்ககிட்ட. அந்த ஆறுல உசுரோட இருந்தவங்க அஞ்சு பேரு, அஞ்சு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க. செத்துப்போன ஜெகநாதனையும் சேத்துக்கிட்டாங்க. அவனுக்கு மரியாதைன்னு நெனச்சிருப்பாங்க. அவங்களுக்கு நான் மட்டுந்தான் பயம். ஆனா பேசினா என் கதையும் வருமே, அதனால நான் பேசமாட்டேன்னு அவங்களுக்குத் தெரியும். எங்களப் பாத்தா நல்லா விசாரிப்பாங்க, அங்கப்பண்ணே கண்ணு எப்படி இருக்குன்னு. இவரு, அப்படியேதான்ப்பா இருக்குன்னுவாரு.

போன கதை போகட்டும்னு நீங்க நெனைக்கலாம். இனிமே சொல்றதுதான் தம்பி நான் சொல்ல மாட்டாம இருக்கறது.

அவரு போயி ஏழு வருசமாச்சு. கடைசி மூணு நாளு படுக்கைதான், இந்த வீட்டுலதான், அதோ அந்த ரூம்புல. பூங்காவனம் கால்மாட்டுல உக்காந்து காலப் புடிச்சுவிட்டுக்கிட்டிருந்தா. சாயங்காலம். அவரு என்னைப் பாத்து, மெதுவா, இப்பச் சொல்லிடவா பச்சன்னாரு. நல்லாத் தெளிவா கேட்டாரு. முப்பத்தெட்டு வருசத்துல அவரு எங்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான்.

நான் தலைய ஆட்டுனேன். வேணாம்னு.

சத்தியத்துக்காகன்னு உங்ககிட்டச் சொல்லிடலாம், நீங்க நம்புவீங்க. ஆனா அவளுக்கு அப்ப முப்பத்தெட்டு வயசு, மூணு புள்ளை பெத்தவ, பேரன் எடுக்கப் போறவ. அந்தச் சத்தியத்துல எனக்கு எப்பவோ பயம் விட்டுப் போச்சு. பொய்ச் சத்தியம் பண்ணவ நான், பண்ணுன அன்னைக்கே அது பொய்தானே, புடிக்கறதா இருந்தா அன்னைக்கே புடிச்சிருக்கணும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். அவருகிட்ட ஒரு நாளு இத எடுத்துச் சொல்லியிருந்தா அவரு நிமுந்து நடந்திருப்பாரு. சொல்லல. அவரு எறங்கல, நான்தான் மொதல்ல எறங்குனேன், என்னைப் பாத்துத்தான் மத்தவங்க எறங்குனாங்கன்னு என் மகளுக்குத் தெரியறது எனக்குப் புடிக்கல. அவ்வளவுதான் காரணம். வெக்கம் தம்பி. வெக்கத்துக்காக ஒரு மனுசன முப்பத்தெட்டு வருசம் குருடனா வச்சிருந்தேன்.

நான் தலைய ஆட்டுனதப் பாத்தாரு. சரின்னு கண்ண மூடித் தொறந்தாரு. என்னப்பா, என்ன சொல்லணும்னு பூங்காவனம் கேட்டா. அவரு அவ பக்கம் திரும்பி, நீ எங்கம்மா இருக்க, இருட்டாயிடுச்சே, வெளக்கப் போடும்மான்னாரு. அவ எழுந்து வந்து லைட்டப் போட்டா. அவரு அவ முகத்தயே பாத்துக்கிட்டிருந்தாரு.

போன மாசம் உங்க நோட்டீசு வந்துச்சு. அவ ஆறு பேரு பேரையும் சத்தமாப் படிச்சா. பாவம், அப்பாவுக்கு மட்டும் கண்ணு நல்லா இருந்திருந்தா அவரும் இதுல இருந்திருப்பாரும்மான்னா. எனக்கு என்னமோ ஆயிடுச்சு. அவனுங்க எவனும் ஓட்டலடி, உங்கப்பன் ஒருத்தருதான் ஓட்டுனாருன்னு கத்திட்டேன். அப்புறம் அவ விடல. ஒண்ணொண்ணாக் கேட்டுக் கேட்டு எல்லாத்தையும் வாங்கிட்டா. கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டா. நான் கல்லு, பள்ளம், படின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேனே, அப்பல்லாம் அவருக்கு நல்லாத் தெரிஞ்சுதான்னு கேட்டா. தெரிஞ்சுதுன்னேன். என் உசுர வச்சு அவரக் கட்டிப்போட்டியா, என்னை ஒரு வார்த்தை கேட்டியான்னா. அன்னைக்கு வாயச் சாத்துனவதான்.

இந்தாங்க, சொல்லிட்டேன். பொட்டியில ஏறிடுச்சா?

உங்க மண்டபக் கமிட்டியில ஒத்துக்கமாட்டாங்களா? ஆமா, அந்த ஆறு பேரோட புள்ளைங்கதானே கமிட்டியில இருக்காங்க, எப்படி ஒத்துக்குவாங்க. டிரெசரு புத்தகத்துலயும் மாலைக்கண்ணுன்னுதான் எழுதியிருக்கும். ஊரெல்லாம் அவரு மீன் எண்ணெய் குடிச்சதப் பாத்திருக்கு. யாரு சாட்சின்னு கேப்பாங்க, கேக்கத்தான் செய்வாங்க. அந்தச் சடக்குல நின்னவங்கள்ல இப்ப உசுரோட இருக்கறது நான் ஒருத்திதான். மண்டபம் தெறக்கற அன்னைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. மேடையில ஏத்திவிடுங்க. அத்தனை பேரு முன்னாலயும் சொல்றேன். அவங்க அப்பன்மாரக் கேவலப்படுத்தணும்னு இல்ல, நான் எறங்குனதாலதான் அவங்களும் எறங்குனாங்கன்னு சேத்துச் சொல்றேன். கல்லால அடிச்சா அடிக்கட்டும். கல்லுல மேல இருக்கற ஆறு பேர அழிக்க வேணாம், ஏழாவதா அவரு பேரப் போட்டாப் போதும்.

பூங்காவனம் கதவுகிட்ட வந்து நிக்கறா பாருங்க. எப்ப வந்தான்னு தெரியல. பேசமாட்டா, விடுங்க. நீங்க எழுதுங்க. அங்கப்பன், அப்பா பேரு சின்னான். எனக்கு நீங்க காட்டற எடத்துல கையெழுத்துப் போடத் தெரியாது, ரேகைதான்.

என் பேரு எழுதிட்டீங்களா, பச்சையம்மான்னு? பக்கத்துல என்ன போட்டிருக்கீங்க, சாட்சின்னா? அத அடிச்சுடுங்க தம்பி. மொதல்ல எறங்குன பொம்பள, அப்படிப் போடுங்க.